வேலிஸ் எலக்ட்ரோ: கமலாபுரம் ரன்வேக்கு ஒத்துவருமா?

சர்க்யூட் பழகுவதற்கு, அதாவது ரன்வேயிலிருந்து ஏறி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி இறங்கிப் பழகுவதற்கு, வேலிஸ் எலக்ட்ரோ என்ற இந்த மின்சார விமானத்தைவிட நல்ல விமானத்தில் நான் உட்கார்ந்ததில்லை. ஆனால் சேலத்தில் இது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரையும் பைலட் ஆக்கிவிட முடியாது. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

நான் சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்தில் மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுப்பவள். ஐரோப்பாவில் இருக்கும் அண்ணனைப் பார்க்கப் போனபோது, அங்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டி வேலிஸில் பறந்தேன். ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரெல் நிறுவனம் செய்தது. 2020 ஜூனில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை இதற்கு வகைச் சான்றிதழ் (இந்த வடிவமைப்பு பறக்கப் பாதுகாப்பானது என்ற ஒப்புதல்) கொடுத்தது. உலகத்திலேயே அப்படிச் சான்றிதழ் வாங்கிய முதல் மின்சார விமானம் இதுதான்.

உள்ளே உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது, என்னென்ன இல்லை என்பது. பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் மிக்ஸ்சர் லீவர் இல்லை, கார்புரேட்டரில் பனி கட்டாமல் சூடேற்றும் கார்ப் ஹீட் இல்லை, என்ஜினுக்குத் தீப்பொறி சரியாக வருகிறதா என்று பார்க்கும் மேக்னிட்டோ செக் இல்லை. சுவிட்சுகளை வரிசையாகப் போட்டு ஒரே லீவரை முன்னே தள்ள வேண்டியதுதான். ரன்வேக்குள் நுழையும் முன் காத்திருக்கும் ஹோல்டிங் பாயிண்டில் லீவரை முழுக்க இழுத்தால் ப்ரொப்பெல்லர் அப்படியே நின்றுவிடுகிறது. அந்த அமைதியில் மாணவரிடம் குரலை உயர்த்தாமல் பேசலாம். பெட்ரோலில் ஓடும் செஸ்னா பயிற்சி விமானத்தில் ஹெட்செட்டுக்குள் கத்திக் கத்தியே தொண்டை கட்டும் எனக்கு அது பெரிய விஷயம். திரையில் ஆர்பிஎம்மோடு கிலோவாட்டும், பேட்டரி சதவீதமும், இன்னும் எத்தனை நிமிடம் பறக்கலாம் என்பதும் தெரிகிறது. டேக்-ஆஃபுக்கு 57.6 கிலோவாட் கிடைக்கும். ஒன்றரை நிமிடத்துக்குள் அதை 50-க்குக் கீழே இறக்கிவிட வேண்டும்.

இனி நம்ம ஊர் வெயிலுக்கு வருவோம். கமலாபுரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 அடி. ஏப்ரல் மத்தியானம் 38 டிகிரி அடித்தால், காற்று மெலிந்து, விமானத்துக்கு அது 4,000 அடி உயரத்தில் நிற்பதற்குச் சமம். டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் அங்கே மூச்சு வாங்கும். ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீத சக்தி போய்விடும். மோட்டாருக்கு மூச்சே தேவையில்லை. இறக்கைக்கும் ப்ரொப்பெல்லருக்கும் மெலிந்த காற்று மெலிந்த காற்றுதான் என்றாலும், சக்தி குறையாமல் இருப்பதே சின்ன விமானத்துக்குப் பெரிய தெம்பு.

"மேடம், அதுல ஏற்காட்டைச் சுத்திட்டு வரலாமா?" என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். கணக்குப் போட்டுக் காட்டினேன். சேர்வராயன் உச்சி 5,300 அடிக்குச் சற்று மேல். பாதுகாப்பாகத் தாண்ட 6,500 அடிக்காவது ஏற வேண்டும். காகிதத்தில் நிமிடத்துக்கு 650 அடி ஏறும் என்கிறார்கள். அப்படியானால் எட்டரை நிமிடம். பேட்டரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறுவதற்கே காலி. மொத்தமே ரிசர்வ் போக 50 நிமிடப் பறப்புதான். மலையோரம் மத்தியானத்தில் காற்று கீழே அமுக்கினால் அந்த மிச்சமும் கரையும். காலையில் போய்ச் சுற்றிவிட்டு வரலாம், அவ்வளவுதான். சிபிஎல் என்ற வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் வேண்டும், அதில் 300 கடல் மைல் தனிப் பயணம் ஒன்று உண்டு. அதற்கு இது ஆகாது.

எடையும் இடிக்கும். ஆட்கள் உட்பட 172 கிலோதான் ஏற்றலாம். வாட்டசாட்டமான இரண்டு பேர் ஏறினால் முடிந்தது. இரண்டு பேட்டரி, ஒன்று மூக்கில், ஒன்று இருக்கைக்குப் பின்னால், திரவத்தால் குளிரூட்டப்படுபவை. இருந்தாலும் மே மாத வெயிலில் இறங்கி ஏப்ரனுக்கு (விமானங்களை நிறுத்தும் திறந்த தளம்) வந்ததும் சார்ஜ் போட, நிழலும் காற்றோட்டமும் உள்ள ஹேங்கர் இல்லாமல் நான் சம்மதிக்க மாட்டேன். மாதப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் போகும் நாளையும் யோசிக்க வேண்டும்.

ஆனாலும் இந்த விமானத்தின் பெருமை மோட்டாரில் மட்டும் இல்லை, உடம்பில் இருக்கிறது. 1 கி.மீ. உயரத்தில் சக்தியை நிறுத்தினால் சுமார் 15 கி.மீ. மிதந்து போகும், செஸ்னா 172 ஒன்பதோடு நிற்கும். அந்த வழவழப்பான உடம்பு இருப்பதால்தான் இவ்வளவு சின்ன பேட்டரி போதுமாகிறது. இதே குடும்பத்து வைரஸ் எஸ்டபிள்யூ, ரோட்டாக்ஸ் பெட்ரோல் என்ஜினோடு நம் என்சிசிக்கே வந்திருக்கிறது. 2015-இல் விமானப்படை, கடற்படை, என்சிசி மூன்றுக்குமாக இந்தியா 194 விமானங்கள் ஆர்டர் கொடுத்தது. செஸ்னா மணிக்கு 30 லிட்டருக்கு மேல் குடிக்கும் இடத்தில் ரோட்டாக்ஸுக்குப் பாதி போதும். அதே நிறுவனத்தின் நான்கு இருக்கை பந்தேராவை பெட்ரோல், ஹைபிரிட், மின்சாரம் மூன்றையும் மனதில் வைத்துத்தான் வடிவமைத்தார்கள். 2013-இல் அது முதலில் பறந்தது பெட்ரோலில். முதலில் காற்றின் இழுவையைக் குறை, சக்தி எதிலிருந்து வரும் என்பதை அப்புறம் பார்க்கலாம் என்ற அந்த வரிசை எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. கனமான பழைய உடம்பில் பேட்டரியைத் திணித்து "பசுமை விமானம்" என்று விற்க வருபவர்களை நம்பாதீர்கள்.

சத்தம் 60 டெசிபல் என்கிறார்கள். நான் தரையில் நின்று கேட்டவரை, தலைக்கு மேல் வந்த பிறகுதான் தெரிந்தது. பொட்டியபுரம், தும்பிப்பாடி பக்கம் காலை ஆறரைக்கே எங்கள் சர்க்யூட் சத்தத்தில் குழந்தைகள் விழித்துக்கொள்ளும் வீடுகள் இருக்கின்றன. இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு வேலிஸாவது இங்கே வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பயிற்சிப் பள்ளி நடத்துபவர் கேட்டால் என் பதில்: மாணவர் முதன்முதலில் தனியாகப் பறக்கும் சோலோ வரைக்கும் ஒரு வேலிஸ், அதற்குப் பிறகு அதே குடும்பத்துப் பெட்ரோல் விமானம் இரண்டு. கைப்பழக்கம் மாறாது. கையெழுத்துப் போடும் முன், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டும், அதன் விலை என்ன என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கரண்ட் பில் குறைவு என்ற கணக்கு அந்தத் தொகையைச் சேர்த்த பிறகுதான் கணக்கு.