சினாப்ஸ் பிளாஸ்டிக் மாதிரி: வாங்கலாமா?

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். நரம்பு முனையும் தசையும் சந்திக்கிற சினாப்ஸைப் பெரிதாக்கிக் காட்டும் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன், விலை இரண்டாயிரத்துச் சொச்சம். கொடுத்த காசுக்குத் தகும். ஆனால் அப்படியே எடுத்து மேசையில் வைத்தால் பிள்ளைகள் சில விஷயங்களைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நரம்பு முனை காந்தத்தில் நிற்கிறது, இழுத்தால் தனியே வந்துவிடும். உள்ளே மைட்டோகாண்ட்ரியாவும், தசைக்குச் செய்தி கொண்டுபோகிற அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை அடைத்த வெசிகிள்கள், அதாவது நுண்ணிய பைகள், மஞ்சள் உருண்டைகளாகவும் இருக்கின்றன. கீழே தசைச் சவ்வு மடிப்பு மடிப்பாக இருக்கிறது, அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை மடிப்புகளின் முகட்டில் வைத்திருக்கிறார்கள். உண்மையிலும் அவை அங்கேதான் நெருக்கமாக இருக்கும், விவரம் தெரிந்த ஒருவர் பார்த்துச் செய்திருக்கிறார் என்று சந்தோஷமாக இருந்தது.

குறை என்றால், மஞ்சள் உருண்டை ஒரு ஓட்டை வழியாக முழுசாக வெளியே உருண்டு விழுகிறது. நிஜத்தில் வெசிகிள் வெளியே வராது, அதன் சவ்வு நரம்பு முனையின் சவ்வோடு சேர்ந்து திறந்துகொள்ள, உள்ளிருக்கும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் மட்டும்தான் இடைவெளியில் கொட்டும். அந்த இடைவெளியையும் இரண்டு விரல் அகலத்துக்கு விட்டிருக்கிறார்கள். தசைச் சந்திப்பில் அது சுமார் 50 நானோமீட்டர்தான், கிட்டத்தட்ட ஒரு வெசிகிளின் குறுக்களவு. அப்புறம் கால்சியம் சேனல்கள் வெறும் நீலப் பொட்டுகள். மின் துடிப்பு முனைக்கு வந்ததும் அந்த சேனல்கள் திறந்து, கால்சியம் உள்ளே பாய்ந்தால்தான் வெசிகிள் திறக்கும், இவ்வளவு முக்கியமான கட்டத்துக்கு ஒரு பொட்டு போதுமா?

சரி, இத்தனை சொல்லியும் ஏன் தகும் என்கிறேன்? பாம்புக்கடிக்காக. எங்கள் பக்கம் பிள்ளைகளுக்குக் கட்டுவிரியனையும் நல்ல பாம்பையும் தெரியும். ராத்திரி தரையில் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலிகூட அவ்வளவாகத் தெரியாது, விடியும்போது இமை தூக்க முடியாமல் போகும், அப்புறம் மூச்சுத் தசையும் நிற்கலாம். மாதிரியிலிருந்து மஞ்சள் உருண்டைகளை எல்லாம் எடுத்துவிட்டு, கட்டுவிரியன் விஷம் முக்கியமாக இந்த நரம்பு முனையைத்தான் கெடுக்கிறது, முனை மறுபடி வளரும்வரை வென்டிலேட்டர் தேவைப்படலாம் என்று சொன்னால் வகுப்பு கப்சிப். நல்ல பாம்புக்கு உருண்டைகளைத் திரும்பப் போட்டுவிட்டு, ஏற்பிகள் மேல் களிமண்ணை அப்பிவிடுவேன். செய்தி கிளம்புகிறது, வாங்கிக்கொள்ள ஆளில்லை. விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மின் ஊசி ஏன் போடுகிறார்கள் என்று ஒரு பெண் கேட்டாள், அந்தக் கேள்விக்காகவே இதை வாங்கலாம்.

அவளுக்குப் பதில் சொல்லத்தான் மாதிரியில் ஒரு பாகம் இல்லை. இடைவெளியில் அசிட்டைல்கோலினை உடனுக்குடன் உடைக்கிற அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி இருக்கிறது. நியோஸ்டிக்மின் அதைக் கொஞ்ச நேரம் தடுக்கும், அசிட்டைல்கோலின் சேர்ந்து, விஷத்தோடு போட்டி போட்டு ஏற்பியைப் பிடிக்கும். வயலுக்கு அடிக்கிற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தும் இதே நொதியைத்தான் முடக்குகிறது, ஆனால் விடவே விடாது, அதனால் எச்சில் ஒழுகி, தசை துடித்து, கடைசியில் மூச்சே நின்றுபோகிறது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமல் விட எனக்கு மனசு வராது, அந்த நொதிக்காகச் சிவப்புக் களிமண்ணில் சின்னக் கத்தரிக்கோல்கள் செய்து இடைவெளியில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

வாங்குபவர்கள் நரம்பு முனை கழன்று வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே கட்டியாக வார்த்ததும் இதே மாதிரிப் படம் போட்டு விற்கிறது, அதை வாங்க வேண்டாம். உருண்டைகள் எளிதில் தொலையும், மூடி போட்ட டப்பா ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.