மதுரை அண்ணா நகர்ப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டர்: மார்பக அல்ட்ராசவுண்ட் எப்படி?

இங்கே மார்பக ஸ்கேனைப் பெண் மருத்துவரே எடுக்கிறார். அதற்கே பாதி மதிப்பெண் கொடுக்கலாம். வெறும் வயிறு தேவையில்லை; மேலாடையைத் தனியாகக் கழற்ற முடிகிற உடை போதும்.

கையைத் தலைக்கு மேல் தூக்கி, சற்றே ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறார்கள். அப்போதுதான் மார்பகம் நெஞ்சின் மேல் மெலிதாகப் பரவி, ஆழத்தில் இருப்பதும் தெரியும். உடலில் வைத்துத் தேய்க்கும் கருவி (ப்ரோப்) வயிற்றுக்கு வைக்கும் வளைந்தது அல்ல, தட்டையான லீனியர் ப்ரோப். இரண்டு பக்கமும் அக்குளும் சேர்த்து 20 நிமிடம் ஆகிறது. ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிடும் இடமென்றால் அக்குளைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

ரிப்போர்ட் அருமை. கட்டி இருந்தால் கடிகார முள் கணக்கில் எந்த இடம், காம்பிலிருந்து எத்தனை செ.மீ., மூன்று பக்க அளவு, கடைசியில் புற்றுநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்று சொல்லும் பைராட்ஸ் எண். 3 என்றால் வழக்கமாக 6 மாதத்தில் மறு ஸ்கேன். 4, 5 என்றால் ஊசி வைத்துத் திசு எடுத்துப் பார்க்க வேண்டும்.

வரவேற்பில்தான் சறுக்கல். மாமோகிராமுக்கு (மார்பக எக்ஸ்ரே) பதில் அல்ட்ராசவுண்டே போதும் என்கிறார்கள். போதாது. நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகள் அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் தப்பிவிடும். 40 வயதுக்கு மேல் வழக்கமான பரிசோதனைக்கு மாமோகிராம்தான். மார்பகத் திசு அடர்த்தியானவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் கூடுதல் துணை.

ஜெல் துடைக்க ஒரே ஒரு டிஷ்யூதான் தருவார்கள். சின்னத் துண்டு கொண்டுபோங்கள்.