பி12 படலம்: தங்கமா, கார்பனா?

வைட்டமின் பி12-ஐ மின்முனையில் ஒட்டவைக்க விரும்புவதற்குக் காரணம், அதன் நடுவில் உட்கார்ந்திருக்கும் கோபால்ட். அதை +3 நிலையிலிருந்து +1-க்கு இறக்கிவிட்டால், கரிம ஹாலைடுகள் (குளோரின், புரோமின் போன்ற ஹாலஜன் ஒட்டிய கார்பன் சேர்மங்கள்) மேல் பாய்ந்து ஹாலஜனைக் கழற்றிவிடும். கரைசலில் மிதக்கவிட்டாலும் இது நடக்கும். ஆனால் வினை முடிந்தபின் பி12-ஐத் தனியே பிரித்தெடுக்க வேண்டும். படலமாக்கிவிட்டால் அந்தத் தலைவலி இல்லை.

சரி, எதில் ஒட்டுவது? முதலில் கை போவது தங்கத்துக்குத்தான். மூலக்கூறின் பக்கச் சங்கிலியில் ஒரு தயாலையோ டைசல்பைடையோ (இரண்டும் கந்தகக் குழுக்கள்) சேர்த்து, தங்கத் தகட்டைக் கரைசலில் ஓர் இரவு ஊறப்போட்டால் போதும்; கந்தகம் தானாகவே தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். கிடைப்பது ஒற்றை மூலக்கூறு அடுக்கு. சுழல் வோல்ட்டமெட்ரியில் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் முறை) உச்ச மின்னோட்டம் வருடும் வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். உச்சியின் அடியில் உள்ள பரப்பிலிருந்து எவ்வளவு பி12 ஒட்டியிருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். அளந்து பார்க்க இவ்வளவு வசதியான படலம் வேறில்லை.

வேலை வாங்கும்போதுதான் சிக்கல். கோபால்ட்டை +1-க்கு இறக்க, கலோமெல் என்ற ஒப்பீட்டு மின்முனையை வைத்துப் பார்த்தால் −0.7 முதல் −0.9 வோல்ட் வரை போக வேண்டும். தங்கம்–கந்தகப் பிடியும் காரக் கரைசலில் −1 வோல்ட் பக்கத்தில் விட்டுப்போகும். சங்கிலி குட்டையென்றால் இன்னும் முன்னதாகவே. நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டும் கதைதான். பி12-இன் நியூக்ளியோடைடு வாலை நீக்கி, பக்கச் சங்கிலி அமைடுகளை மெத்தில் எஸ்டராக்கிய வகை, அவ்வளவு எதிர் வோல்ட்டுக்குப் போகாமலேயே +1-க்கு இறங்கிவிடும் என்பதால், தங்கத்துக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

கார்பனில் இந்தப் பயம் இல்லை. 1992-இல் அறிமுகமான டையசோனியம் முறையில், டையசோனியம் உப்பு மின்முனையில் எலக்ட்ரான் வாங்கி ரேடிக்கலாக (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட துண்டாக) மாற, அதன் அரில் வளையம் (பென்சீன் போன்ற வளையம்) கார்பன்–கார்பன் பிணைப்பாகவே மேற்பரப்பில் ஊன்றும். அதன் மேல் பி12-ஐ அமைடு வழியாகக் கோத்துவிடலாம். என்ன, ஒழுங்கு போய்விடும். உருவாகும் ரேடிக்கல்கள் ஏற்கெனவே ஊன்றிய வளையங்களையும் தாக்கி, அடுக்கு மேல் அடுக்காகப் புதர்போல் வளரும். தடிமன் நம் கையில் இல்லை, எலக்ட்ரானும் தயங்கித்தான் வரும். பாலிமரில் பொதிந்தால் கோபால்ட் நிறைய ஏறும், ஆனால் படலம் தடித்துவிட்டால் ஆழத்தில் இருப்பது பெரும்பாலும் சும்மா கிடக்கும்.

ஆய்வுக்குத் தங்கம், நாள் கணக்கில் ஓடவேண்டிய மின்பகுப்புக்குக் கார்பன்: என் தேர்வு இதுதான். அப்புறம், இந்த வழக்கெல்லாம் பி12-க்கு மட்டும். ரிபோஃபிளேவின் என்றால் pH 7-இல் நியம ஹைட்ரஜன் மின்முனையை ஒப்பிட்டு −0.21 வோல்ட் அருகிலேயே வேலை முடிந்துவிடும். தங்கத்தின் பிடி அசையக்கூட அசையாது.