கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகிறவர்கள் முற்பணம் அனுப்ப முதல் இதை வாசியுங்கள்

திருகோணமலைப் பக்கம் "வெந்நீர்க் கிராமம்" என்று பேஸ்புக்கில் ஓடுகிற விளம்பரத்தை நம்பிக் காசு கட்டி ஏமாந்துவிட்டோம். முறைப்பாடு கொடுத்திருப்பதால் இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் விளம்பரம் கண்ணில் பட்டால் உங்களுக்கே விளங்கும். கல்லால் கட்டின தடாகம், அதிலிருந்து புகை மாதிரி எழும்புகிற ஆவி, சுற்றிவர மரவீடுகள், லாந்தர் வெளிச்சம். "இராவணன் காலத்து மர்மக் கிராமம், கன்னியா வெந்நீர் உங்கள் அறைக்கே வரும்" என்று கீழே போட்டிருப்பார்கள்.

நாங்கள் உல்லாசப் பயணம் போகவில்லை, அம்மாவுக்காகப் போனோம். அம்மா பிறந்தது திருகோணமலை. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கி ஊரே ஓடினபோது அம்மம்மா வருத்தக்காரி. போன இடத்தில்தான் கண்ணை மூடினா. அந்தப் பக்கத்துச் சனம் இறந்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையைக் கன்னியாவில் செய்வது வழக்கம். தாய் இறந்துவிட்டாள் என்று கேட்ட இராவணன், கிரியை செய்யத் தண்ணீர் வேண்டும் என்று வாளால் நிலத்தில் ஏழு இடத்தில் குத்த, ஏழு ஊற்றும் கிளம்பின என்பது கதை. தாய்க்குக் கடன் கழித்த இடத்தில் தன் தாய்க்கு ஒன்றும் செய்யவில்லையே என்ற குறை அம்மாவுக்கு முப்பது வருசத்துக்கு மேல். இப்போது எழுபத்தொரு வயது. முழங்கால் நோவுடன் இனித் தள்ளிப்போடக் கூடாது என்று சித்திரை விடுமுறையில் புறப்பட்டோம்.

இரண்டு அறை, இரண்டு இரவு, வழிகாட்டி சேர்த்து 52,000 ரூபாய். பாதியை முற்பணமாக ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்கள். அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும். "கன்னியாத் தண்ணீர் அறைக்கு எப்படித் தம்பி வரும்?" என்று வட்ஸ்அப்பில் கேட்டேன். "குழாய் போட்டிருக்கிறோம் அக்கா" என்று பதில் வந்தது.

போய் இறங்கினால் மரவீடும் இல்லை, தடாகமும் இல்லை. தகரக் கூரை போட்ட நான்கு அறை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீல ஓடு பதித்த சீமெந்துத் தொட்டி ஒன்று. அன்று பின்னேரம் தொட்டியில் சுடுதண்ணீர் நிரப்பியிருந்தார்கள். அம்மா இறங்கவில்லை. குனிந்து ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனா. "பிள்ளை, இது குளோரின் மணக்குது" என்று சொல்லிவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தா. நான் மதிலைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, அதன்மேல் ஒரு பீப்பாய். பதினாறு பதினேழு வயதுப் பெடியன் ஒருவன் வாளி வாளியாக அள்ளி மதிலுக்கு மேலால் ஊற்றிக்கொண்டு நின்றான். புறங்கையெல்லாம் சுட்ட தழும்பு. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபமில்லை.

மறுநாள் நடந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. எங்களோடு வந்த "வழிகாட்டி" கிணற்றடிக்குப் போக முதலே அம்மாவைப் பிடித்துக்கொண்டார். கிணறுகளுக்குக் கீழே குகை இருக்கிறதாம், அதற்குள் இராவணன் இன்னும் நித்திரையாம், விசேஷ பூசை செய்யாமல் தண்ணீரைத் தொட்டால் இறந்த ஆத்மா சாந்தியடையாதாம். பூசைக்கு 15,000. அம்மாவின் முகம் வெளிறிப்போனது. தாய்க்கு இத்தனை வருசம் ஒன்றும் செய்யவில்லை என்று அழுகிற மனுசியிடம், இப்போது செய்தாலும் பலிக்காது என்று சொல்லிக் காசு கேட்பது என்ன தொழில்? ஏழு ஊற்றின் கதை எங்கள் பாட்டன் பூட்டன் சொல்லி வந்த கதை. அதில் சாபமும் இல்லை, கட்டணமும் இல்லை.

அவரை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனோம்.

கன்னியா எப்படி இருக்கும் என்று போகாதவர்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தெரியாததில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். திருகோணமலை நகரிலிருந்து அனுராதபுரம் வீதியால் போய்த் திரும்ப வேண்டும், எட்டுக் கிலோமீற்றர் அளவு. கிணறுகள் தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கின்றன. சதுரமாகக் கட்டின ஏழு சின்னக் கிணறுகள், இடுப்பளவு, நெஞ்சளவு ஆழந்தான். குனிந்தால் அடி தெரியும். அடியிலிருந்து குமிழி குமிழியாக மேலே வரும். உள்ளே இறங்கிக் குளிக்க முடியாது, வாளியால் அள்ளித்தான் ஊற்ற வேண்டும். சனம் கூடினால் அள்ள அள்ள மட்டம் இறங்கி, ஊறும் வரைக்கும் காத்து நிற்க வேண்டியிருக்கும். இந்தத் தண்ணீரைக் குழாய் போட்டு எந்த அறைக்குக் கொண்டுபோவது?

ஆவியும் பொய். இலங்கையில் எரிமலை கிடையாது. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்கி, பூமிக்குள் இருக்கிற சூட்டில் காய்ந்து, வேறொரு வெடிப்பால் மேலே வருவதுதான் நம் நாட்டு வெந்நீரூற்று. கன்னியாவில் சூடு 40 பாகையை ஒட்டித்தான், கிணற்றுக்குக் கிணறு கொஞ்சம் வித்தியாசப்படும். திருகோணமலை வெயிலில் அதிலிருந்து புகை மாதிரி ஆவி எழும்பாது. விளம்பரப் படத்தை வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோது என் மகள்தான் காட்டினாள்: கூரை விளிம்பில் பனி. கூகுளில் படத்தைப் போட்டுத் தேடினோம், ஜப்பானில் ஒரு வெந்நீர்க் கிராமத்துப் படம். காசு அனுப்ப முதல் அந்த இரண்டு நிமிட வேலையைச் செய்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிராது.

அம்மா ஒவ்வொரு கிணற்றிலும் முதலில் விரலை நனைத்துப் பார்த்தா. பிறகு ஒவ்வொரு வாளி, ஏழு வாளி. கடைசி வாளியை ஊற்றும்போது அம்மம்மாவின் பெயரைச் சொன்னா. பக்கத்தில் நின்ற, யாரென்று தெரியாத ஒரு ஐயா தன் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார்.

அன்று மத்தியானமே அறையைக் காலி செய்தோம். மிச்சக் காசைக் கட்டாமல் வாசல் திறக்க மாட்டோம் என்றார்கள். பொலிசுக்கு அழைக்கிறேன் என்று போனை எடுத்த பிறகுதான் திறந்தார்கள். முற்பணம் 26,000 இன்றுவரை வரவில்லை, எங்கள் இலக்கத்தையும் தடுத்துவிட்டார்கள்.

தங்குமிடம் பிடிக்கிறவர்கள் அது சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்ததா என்று முதலில் கேளுங்கள். தனியாள் கணக்குக்கு அனுப்பாதீர்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஒழுங்கான விடுதிகள் நிறைய உண்டு, காலையில் ஒரு ஓட்டோ பிடித்துக் கன்னியாவுக்குப் போய் வரலாம். சனம் வர முதல் விடியவே போனால் வயதானவர்களுக்கு நல்லது.

இதே விளம்பரத்துக்குக் காசு அனுப்பினவர்கள் இருந்தால் வங்கிச் சிட்டையையும் வட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். எனக்கும் எழுதுங்கள். என்னுடைய முறைப்பாட்டோடு உங்களுடையதையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.