பானைக்கு எந்தச் சோளம்: மக்காச்சோளமா, கே 12ஆ, செஞ்சோளமா?

கோவில்பட்டிப் பக்கம் சோளம் நின்ற கரிசல் காடுகளில் இப்போது மக்காச்சோளம்தான் கண்ணில் படுகிறது. அறுத்ததும் கோழித் தீவனத்துக்கு வண்டி ஏறிவிடும், காசும் மொத்தமாகக் கைக்கு வரும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பூக்கிற நேரத்தில் மழை தள்ளிப்போனால் கதிரில் மணி பிடிக்காது. சோளமோ இலையைச் சுருட்டிக்கொண்டு காத்திருக்கும், அடுத்த மழைக்கு விரிந்துவிடும். 2018இல் படைப்புழு வந்ததிலிருந்து மக்காச்சோளத்துக்கு மருந்துச் செலவும் சேர்ந்துகொண்டது. 2025-26க்கான ஆதார விலை குவிண்டாலுக்குச் சோளம் 3,699 ரூபாய், மக்காச்சோளம் 2,400. அந்த விலைக்கு எடுக்க ஆள் வேண்டும் என்பது வேறு கதை.

வீட்டுப் பானைக்கு என்றால் போட்டி வெள்ளைக்கும் சிவப்புக்கும்தான்.

கே 12, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 2015இல் கொடுத்த வெள்ளைச் சோளம். சுமார் 95 நாளில் அறுவடை. மானாவாரியிலேயே ஹெக்டேருக்கு 3 டன்னை ஒட்டி மணி, 12 டன் அளவுக்கு மாட்டுக்கான காய்ந்த தட்டை என்பது நிலையத்தின் கணக்கு. நம் காட்டில் அதில் பாதி வந்தாலே மாட்டுக்குக் கோடை ஓடிவிடும். சமையலில் இதற்கு ஈடில்லை. லேசாகத் தண்ணீர் தெளித்து உரலில் குத்தினால் தவிடு கழன்று வரும். புடைத்து, குருணையாக உடைத்துப் பொங்கினால் சோறு வெளுப்பாக இருக்கும். மறுநாள் மோர் ஊற்றிச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டுப் பாருங்கள்.

தொல்லை இரண்டு. பால் பிடித்த நாளிலிருந்து குருவி விடாது. அறுக்கிற வாரத்தில் மழை பிடித்தால் வெள்ளை மணி பூசணம் ஏறிக் கறுத்துவிடும். அப்புறம் அது மாட்டுக்குத்தான், நல்ல விலைக்கும் போகாது.

நாட்டுச் செஞ்சோளம் இந்த இரண்டையும் ஓரளவு தாங்கும். துவர்ப்புள்ள மணியைக் குருவி அவ்வளவாகத் தொடாது. சிவப்பாக இருப்பதெல்லாம் துவர்ப்பதில்லை, விதை வாங்கும்போதே நாலு மணியை மென்று பார்த்துவிட வேண்டும். பூசணமும் வெள்ளையில் ஏறுகிற வேகத்தில் ஏறாது. ஆனால் குருவி ஒதுக்குகிற அந்தத் துவர்ப்பு நம் நாக்குக்கும் தெரியும். நன்றாகத் தீட்டாவிட்டால் சோறு கருஞ்சிவப்பாக நின்று தொண்டையில் உரசும். கூழுக்கு மட்டும் குறை சொல்ல முடியாது. மகசூலில் கே 12க்குப் பக்கத்தில் வராது.

எந்த ரகமானாலும் இளம்பயிரில் மாட்டை விடக்கூடாது. மழையில்லாமல் வாடி நிற்கும் சோளக்குருத்து நஞ்சு.

இந்தப் புரட்டாசிக்கு ஓடையோரம், குருவி அடைகிற வேலமரத்தடி அரை ஏக்கரில் செஞ்சோளம். நடுக்காடு ஒன்றரை ஏக்கருக்குக் கே 12 விதை வாங்கியாகிவிட்டது. குருவி விரட்டத்தான் இன்னும் ஆள் அமையவில்லை.