ஸ்டிமுபிளெக்ஸ் அல்ட்ரா 360: ஆக்சிலரி பிளாக்குக்கு எந்த நீளம், எங்கே கவனம்

கை, முன்கை அறுவைக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்து ஆக்சிலரி பிளாக் (அக்குளில் நரம்புகளைச் சுற்றி மருந்து செலுத்திக் கையை மரக்க வைப்பது) போடுகிறவர்களுக்கு பி. பிரவுனின் இந்த 22 கேஜ், 50 மி.மீ. ஊசியைத் தயங்காமல் சொல்லலாம். 80 மி.மீ. பருத்த கைகளுக்கு மட்டும் போதும். மற்றவர்களிடம் வெளியே நீளும் மீதித் தண்டு பிடியைத் தள்ளாட வைக்கும்.

தண்டின் முன்பகுதியைச் சுற்றிலும் பெருக்கல் குறிப் பொறிப்புகள். புரோபுக்கு (தோலில் வைக்கும் அல்ட்ராசவுண்ட் கருவி) இணையாக மேலோட்டமாகப் போகும்போது சாதா ஊசியே நன்றாகத் தெரியும். ரேடியல் நரம்பைத் தேடித் தமனிக்குப் பின்னால் இறங்கும்போதுதான் கொடுத்த காசுக்குப் பலன் தெரிகிறது. சாய்வு கூடினால் ஒலி அலை வேறு பக்கம் சிதறி, சாதா ஊசி மங்கிவிடும். பொறிப்பு அலையைத் திருப்பி அனுப்புவதால் இது பளிச்சென்று நிற்கும். ஆனால் அந்தப் பளிச்சு தண்டுதான், முனை அல்ல. அதைத் தாண்டி முனை கண்ணில் படாதவரை ஊசியை நகர்த்தவே கூடாது.

30 டிகிரி முனை மொண்ணை. தோலில் அழுத்தித் தள்ளினால் சட்டென்று உள்ளே பாய்ந்துவிடும். லிக்னோகெய்ன் போட்டு மரத்த இடத்தில் மெல்லத் திருகி நுழைப்பது நல்லது. அதே மொண்ணைத்தன்மையால்தான் திசுப்படலம் 'டப்' என்று விடுவது விரலுக்குத் தெரிகிறது.

ஊசிக்கு மருந்து வரும் இணைப்புக் குழாயில் காற்றே இருக்கக் கூடாது. ஒரு குமிழி போதும், அதன் நிழலில் நரம்பு மறைந்துவிடும். புரோபை அழுத்தினால் சிரைகள் நசுங்கித் திரையில் காணாமல் போகும். குத்துவதற்கு முன் ஒருமுறை தளர்த்திப் பாருங்கள். ஒரு மில்லி செலுத்தியும் திரையில் மருந்து பரவவில்லையா? உடனே நிறுத்துங்கள். உறிஞ்சியதில் ரத்தம் வராவிட்டாலும் முனை ரத்தக்குழாய்க்குள் இருக்கலாம்.

ஆழத்திலுள்ள ரேடியலை முதலில் முடித்துவிட்டு அல்னார், மீடியன் நரம்புகளுக்கு வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் சுமார் 5 மில்லி. கோரக்கோபிரேக்கியாலிஸ் தசைக்குள் தனியாக ஓடும் மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பை விட்டுவிட்டால், முன்கையின் கட்டைவிரல் பக்கத் தோல் மரக்காது. ரேடியஸ் எலும்பில் பிளேட் வைக்கக் கீறும்போது நோயாளி துடித்துப்போவார். 50 கிலோ ஆளுக்கு 0.5 சதவீத புபிவகெய்ன் (மரக்க வைக்கும் மருந்து) 20 மில்லி என்றாலே கிலோவுக்கு 2 மி.கி. வரம்பு முடிந்துவிடும். அந்த மருந்து ரத்தத்தில் ஏறி நஞ்சானால் கொடுக்க 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் அறையிலேயே இருக்கட்டும்.

முன்கை நடுவில் ஒற்றை நரம்புக்கு 3 முதல் 5 மில்லி போட இந்த ஊசி வேண்டியதில்லை; மெல்லிய சாதா ஊசியே தாராளம்.