மொட்டைமாடியிலிருந்து ரோஸெட் நெபுலா: கலர் கேமராவா, மோனோவா?

ஜனவரி நடுவில், ராத்திரி பத்தரை மணிவாக்கில் சென்னை மொட்டைமாடியில் நின்றால் திருவாதிரை ஏறக்குறைய தலைக்கு மேலே இருக்கும். கையை நீட்டி முஷ்டியைப் பிடியுங்கள். அந்த அகலம் கிழக்கே தள்ளினால் ரோஸெட் நெபுலா, ரோஜா இதழ்கள் போல விரிந்த ஒளிரும் வாயு மேகம். நிலாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அகலம். ஆனாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, தெருவிளக்கு வெளிச்சம் விழுங்கிவிடும்.

பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் 589 நானோமீட்டரை ஒட்டியே இருந்ததால் வெட்டி எறிவது சுலபம். வெள்ளை எல்இடி எல்லா நிறத்திலும் பரவுகிறது. அதனால் நெபுலா ஒளிரும் கோடுகளை, அதாவது குறிப்பிட்ட சில அலைநீளங்களை, மட்டும் உள்ளே விடும் நேரோபேண்ட் ஃபில்டர்தான் நகரத்தில் நமக்கு வழி: ஹைட்ரஜன் ஆல்பா 656.3, ஆக்சிஜன் 500.7, சல்பர் 672-ஐ ஒட்டி. கலர் கேமராவில் ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டையும் ஒருசேர விடும் டூயல் பேண்ட் ஃபில்டர் போடுவதா, நிறம் பிரிக்காத கறுப்பு-வெள்ளை மோனோ கேமராவில் ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனி ஃபில்டர் போடுவதா என்பதுதான் கேள்வி. இரண்டிலும் ரோஸெட்டை எடுத்திருக்கிறேன்.

முதலில் கணக்கு. கலர் சென்சாரில் நான்கு பிக்சலுக்கு ஒன்று சிவப்பு, இரண்டு பச்சை, ஒன்று நீலம். ஹைட்ரஜன் ஒளி சிவப்பில் மட்டுமே பதியும். நான்கு மணி நேரம் எடுத்தால் மோனோவில் ஒரு மணி நேரம் எடுத்ததற்குச் சமம். அதே நான்கு மணியை மோனோவில் ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்குமாக இரண்டாகப் பிரித்தால் ஹைட்ரஜனுக்கு முழுசாக இரண்டு மணி கிடைக்கிறது. ஆக்சிஜன் கதை வேறு. அது பச்சையிலும் நீலத்திலும் பதிவதால் கலர் கேமரா பெரிதாகத் தோற்பதில்லை. ஆக, மோனோ பல மடங்கு வேகம் என்ற பேச்சு ஹைட்ரஜனுக்கு ஓரளவு சரி, மொத்தத்துக்கு மிகை. சல்பரையும் சேர்த்து மூன்றாகப் பிரித்தால் ஹைட்ரஜனுக்கு ஒரு மணி இருபது நிமிஷம்தான்.

மோனோ ஜெயிக்கும் இடம் என்னைப் பொறுத்தவரை நிலா. நிலா வெளிச்சம் வானத்தில் சிதறும்போது நீலப் பக்கம்தான் அதிகம் பாழாகும், ஆக்சிஜன் அடிபடும், ஹைட்ரஜன் தாக்குப்பிடிக்கும். பௌர்ணமியை ஒட்டி ஹைட்ரஜன், அமாவாசையை ஒட்டி ஆக்சிஜன் என்று மோனோவில் ராத்திரிகளைப் பங்கு போடலாம். டூயல் பேண்டில் இரண்டும் ஒரே ஃபிரேமில் வருகிறது, ராத்திரிவாரியாகப் பிரிக்க வழியில்லை.

ஆனால் அந்தப் பங்குக்கு ராத்திரிகள் வேண்டுமே. மோனோ வாங்கிய முதல் வருஷம் இரண்டு ராத்திரி ஹைட்ரஜன், ஒரு ராத்திரி ஆக்சிஜன் எடுத்தேன். சல்பருக்கு வைத்திருந்த நாட்களில் மேகம் மூடிக்கொண்டது, அப்புறம் சீசனே முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் கேமராவைக் கொஞ்சம் திரும்பிய கோணத்தில் மாட்டிவிட்டேன். பழைய ஃபிரேமோடு சேர்த்தபோது ஓரங்கள் வெட்டுப்பட்டு, இதழ்கள் பாதி போய்விட்டன. கலரில் ஒரே ராத்திரி எடுத்தாலும் கையில் ஒரு முழுப்படம் இருக்கும். வேலைக்குப் போகிறவருக்கு அது பெரிய விஷயம்.

செலவு மோனோவுக்கு நிச்சயம் கூடுதல்: ஃபில்டர்களை மாற்றித் தரும் ஃபில்டர் வீல், மூன்று ஃபில்டர். வேலையும் கூடுதல்: படத்தில் தூசி நிழலையும் ஓர இருட்டையும் சரிசெய்ய எடுக்கும் ஃபிளாட் ஃபிரேம் ஒவ்வொன்றுக்கும் தனி. ஃபில்டர் உள்ளே விடும் பட்டையின் அகலம் 3 நானோமீட்டரா 7-ஆ என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். எஃப்/2 போன்ற வேகமான (ஒளியை அகலமான கூம்பாகக் குவிக்கும்) லென்ஸ் அல்லது டெலஸ்கோப் என்றால் மட்டும் கவனம். ஒளி சாய்வாக நுழையும்போது ஃபில்டரின் பட்டை நீலப் பக்கம் நகரும், குறுகிய ஃபில்டரில் கோடே வெளியே போய்விடலாம்.

என் தீர்ப்பு: முதல் இரண்டு சீசனுக்கு கலரும் டூயல் பேண்டும் போதும். சல்பர் ஆசை வந்தால் உடனே மோனோவுக்குத் தாவாதீர்கள். சல்பரும் ஆக்சிஜனும் சேர்ந்த இன்னொரு டூயல் பேண்ட் ஃபில்டர் கிடைக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்தால் மூன்று கோடும் வரும், ஆக்சிஜன் இரண்டு முறை சேரும்.

அப்படியும் நான் மோனோவில் நிற்பதற்குக் காரணம் ரோஸெட்டின் சல்பர்தான். ஐந்து நிமிஷ எக்ஸ்போஷர் ஒன்றைத் திறந்தால் நட்சத்திரங்களும் இரைச்சலும்தான் தெரியும். அப்படி நாற்பதை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்து ஸ்டாக் செய்ததும் நடுக்குழியைச் சுற்றி, கரிய தூசித் திட்டுகளின் ஓரத்தில் மட்டும், நூல் இழைத்தது போல மெல்லிய விளிம்பு எழும். உள்ளே இருக்கும் இளம் நட்சத்திரங்களின் ஒளி வாயுவை அரித்துக்கொண்டிருக்கும் எல்லை அது.